பழி தீர்ந்த மறுநாள்

சென்ற திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, செகந்தராபாத்தில் நம் அன்பர் ஒருவரது இல்லத்துக் கூடத்தில் நாடகம் ஒன்று படிக்கப்பட்டது. நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் அரங்கேற்றும் எண்ணத்துடன் இளைஞர் ஒருவர் எழுதிய நாடகம் அது. அவர் இவ்வூரிலேயே பிறந்தவர். தெலுங்கையும் உருதுவையும் தெருவில் கற்றவர். தமிழைத் தாயிடமும் பாட்டியிடமும் கற்றவர். அத்தகைய ஒருவர் மூன்று அங்கங்கள் கொண்ட தமிழ் நாடகத்தை எழுதி முடித்தார் என்பதே நமக்குப் பெருமகிழ்ச்சி தந்தது. கூடம் நிறைந்திருந்தது, சிறுவர்கள் கூட அசையாமல் கேட்டார்கள்.

கதை எளியது. தஞ்சைப் பகுதியில் ஒரு சிற்றூர். வாய்க்கால் தகராறு முற்றி, தாய்மாமன் தன் தமக்கை மகனை, குடும்பத்தின் மூத்த பிள்ளையை, வெட்டிக் கொன்றுவிடுகிறான். வழக்கு மன்றத்தில் ஊரார் ஒவ்வொருவராக ஏறி, “எனக்குத் தெரியாது” என்று சொல்லி இறங்குகிறார்கள். வழக்குத் தோற்கிறது. இளையவன் அண்ணனை எரித்த இடத்தில் நின்று சூளுரைக்கிறான். இரண்டாம் அங்கம் முழுவதும் அவன் காத்திருக்கிறான். மூன்றாம் அங்கத்தில் மாமனைக் கொல்கிறான். திரை விழுகிறது.

முதலிரண்டு அங்கங்களைப் பற்றி எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. முடிவைப் பற்றித்தான் கூடம் மூன்றாகப் பிரிந்தது. “அநீதி செய்தவன் செத்தான், கதை முடிந்தது, இதற்கு மேல் என்ன வேண்டும்?” என்றனர் இளைஞர். “கொலைக்குக் கொலை என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாமா? மாமன் மனம் திருந்தி மன்னிப்புக் கேட்பதாக எழுதுங்கள்” என்றனர் தாய்மார். “இது துன்பியல் நாடகம், பழிவாங்கியவனும் மாளவேண்டும், ஷேக்ஸ்பியர் அப்படித்தான் செய்தார்” என்றார் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்ற ஓர் அன்பர்.

கூடத்தின் மூலையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் அதுவரை வாய் திறக்கவில்லை. பேச்சு ஓய்ந்தபோது அவர் மெல்லச் சொன்னார்: “தம்பி, அரிவாள் எடுத்தவன் கதையை எல்லாரும் எழுதுகிறார்கள். மறுநாட் காலையில் அந்த வீட்டில் அடுப்பு மூட்டியது யார் என்று எவரும் எழுதக் காணோம்.”

அதன் பின்னர் எவரும் பேசவில்லை. பழிக்கதைக்குத் தக்க முடிவு எது என்பதை ஆராய்ந்து இவ்விதழில் எழுதுமாறு அன்பர்கள் நம்மைப் பணித்தனர். பெரியவரின் அச்சொல்லையே அளவுகோலாகக் கொண்டு, இம்முடிச்சைப் பெரும்புலவர்கள் எவ்வாறு அவிழ்த்தார்கள் என்பதைக் காண்போம்.

தெலுங்கு காட்டிய வழி

சோகத்தில் நாடகத்தை முடிக்கலாமா என்ற ஐயமே நம் நாட்டில் நெடுங்காலம் இருந்தது. வடமொழி நாடக மரபு மேடையில் சாவைக் காட்டுவதை விரும்பவில்லை. நாயகன் எத்துணை இடர்ப்பட்டாலும் இறுதியில் மங்கலம் பொலிய வேண்டும் என்பதே வழக்கம். அவ்வழக்கினின்றும் விலகி நின்றவர் பாசர் என்னும் பழங்கவி. அவர் பெயரால் வழங்கும் நாடகங்களின் சுவடிகளைக் கண்டெடுத்து, 1912 முதல் திருவனந்தபுரத்தில் பதிப்பித்தவர் கணபதி சாஸ்திரியார். அவற்றுள் ‘ஊருபங்கம்’ என்பது தொடை முறிந்து கிடக்கும் துரியோதனனைப் பற்றியது. அவன் மேடையிலேயே உயிர் விடுகிறான்.

அந்நாடகத்தின் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பீமன் தன் சூளை முடித்துவிட்டான், பழி தீர்ந்துவிட்டது. பாசரின் நாடகம் அதன் பிறகே உயிர் பெறுகிறது. பார்வையற்ற தந்தை மகனைத் தேடித் தடவி வருகிறார். சிறுவன் துர்ஜயன் வழக்கம்போல் தந்தையின் மடியில் ஏற வருகிறான். முறிந்த தொடையில் மகனை எப்படி அமர்த்துவான் தந்தை? பாண்டவரைப் பணிந்து வாழுமாறு மகனுக்கு அவன் அறிவுரை சொல்கிறான். சினந்து வரும் பலராமரைத் தணிக்கிறான். ஆயினும் அசுவத்தாமன் தணியவில்லை. இரவிலே சென்று கொல்வேன் என்று புறப்படுகிறான். செத்தவன் பகையை விட்டான். இருப்பவன் அதை எடுத்துக்கொண்டான். கொல்லப்பட்டவனுக்கும் ஒரு மகன் உண்டு என்பதைக் காட்டியதே அக்கவியின் பெருமை.

நம் காலத்துக்கு அருகில் வருவோம். நாம் குடியேறி வாழும் இத்தெலுங்கு நாட்டுக்குத் தமிழ் நாடகம் பட்ட கடன் ஒன்று உண்டு. பல்லாரியில் வழக்கறிஞராக விளங்கிய தர்மவரம் கிருஷ்ணமாசார்யர் தெலுங்கில் ‘விஷாத சாரங்கதர’ என்னும் நாடகத்தை இயற்றினார். தெலுங்கின் முதல் துன்பியல் நாடகம் என்று அதனைப் போற்றுவர். ராஜமகேந்திரபுரத்து மன்னனின் இளைய மனைவி சித்திராங்கி மூத்தாள் மகன் சாரங்கதரன்மீது ஆசை கொள்கிறாள். அவன் மறுக்கவே, அவன்மீது பொய்ப்பழி சுமத்துகிறாள். மன்னன் ஆராயாது மகனின் கைகால்களை வெட்ட ஆணையிடுகிறான். பழங்கதையில் சித்தர் ஒருவர் அருளால் அவன் உறுப்புகள் மீண்டும் வளர்ந்துவிடும். கிருஷ்ணமாசார்யரோ கதையைத் துயரத்திலேயே முடித்தார். கைகால்கள் வளர்ந்துவிடின், ஆராயாது தண்டித்த தந்தையின் குற்றமும் அவற்றோடு மறைந்துவிடும் அன்றோ? அவையோர் வீடு திரும்பியபின் அதனை நினைக்கமாட்டார்கள்.

பல்லாரியிலிருந்து வந்த அக்குழுவினர் 1891-இல் சென்னையில் ஆடிய நாடகங்களைக் கண்டு உள்ளம் கிளர்ந்தவரே பம்மல் சம்பந்த முதலியார். கற்றவர்களும் மேடையேறலாம் என்ற துணிவை அவர்களிடம் பெற்று, அவ்வாண்டிலேயே நண்பர்களுடன் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். ‘ஹாம்லெட்’ நாடகத்தை ‘அமலாதித்தன்’ என்றும், ‘மாக்பெத்’தை ‘மகபதி’ என்றும் தமிழாக்கியவரும் அவரே. தம் ‘நாடக மேடை நினைவுகள்’ என்னும் நூலில் இவ்வரலாற்றையெல்லாம் அவர் எழுதி வைத்துள்ளார்.

சூளும் விலங்கும்

சம்பந்தனாரின் ‘மனோகரா’ 1895-இல் மேடையேறியது. 1954-இல் அது திரைப்படமாக வந்தபோது கலைஞர் மு. கருணாநிதியின் உரையாடலும், சிவாஜி கணேசன், கண்ணாம்பா ஆகியோரின் நடிப்பும் தமிழுலகை ஆட்கொண்டன. அதனை இயக்கியவர் எல். வி. பிரசாத். இந்நகரத்துக் கண் மருத்துவ நிலையம் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்பதை நம் வாசகர் அறிவர். தமிழோடு தெலுங்கிலும் இந்தியிலும் அப்படம் உருவாயிற்று.

பழிக்கதையின் முடிவைப் பற்றி ‘மனோகரா’ கற்பிப்பது யாது? மன்னன் புருஷோத்தமன் வசந்தசேனையின் வலையில் வீழ்ந்து, அரசி பத்மாவதியை ஒதுக்கிவிடுகிறான். மகன் மனோகரன் பெருவீரன். ஒரு நொடியில் வசந்தசேனையை வெட்டி வீழ்த்த வல்லவன். ஆனால் அவனைத் தடுத்து நிற்பது தாய்க்கு அவன் கொடுத்த வாக்கு. ஹாம்லெட்டின் கையைத் தடுப்பது அவன் உள்ளத்து ஐயம். மனோகரனின் கையைத் தடுப்பது தாயின் சொல். இரும்புச் சங்கிலி பிறகு வருகிறது. உண்மையான விலங்கு முதலிலேயே பூட்டப்பட்டுவிட்டது. ஆகையால் தாய் அச்சொல்லைத் திரும்பப் பெறும் நொடியில் சங்கிலி அறுபடும்போது, அவையோர் வெறும் உடல் வலிமையைக் காண்பதில்லை. நாடகம் முழுவதும் இறுகிய ஒரு முடிச்சு அவிழ்வதைக் காண்கின்றனர்.

இதிலிருந்து முதற் பாடம் கிடைக்கிறது. முடிவு என்பது கடைசி அங்கத்தில் தேடிப் பிடிக்கும் பொருள் அன்று. முதல் அங்கத்திலேயே விதைத்து வைக்க வேண்டிய வித்து. ‘ஹாம்லெட்’டிலும் இதனைக் காணலாம். மன்னனின் செவியில் ஊற்றிய நஞ்சால் தொடங்கிய கதை, வாள்முனையில் பூசிய நஞ்சாலும் கிண்ணத்தில் கலந்த நஞ்சாலும் முடிகிறது. சூழ்ச்சி செய்தவன் தன் கருவியாலேயே மாள்கிறான். புதிதாக ஓர் இடியோ, பாம்போ, ஓடி வரும் காவலரோ அங்கே தேவைப்படவில்லை.

அந்நாடகத்தில் தந்தையை இழந்த மைந்தர் மூவர் உளர் என்பதையும் கருதவேண்டும்: ஹாம்லெட், லெயர்ட்டீஸ், நார்வே நாட்டு இளவரசன் போர்ட்டின்பிராஸ். முன்னிருவரும் இறக்கும் தறுவாயில் ஒருவரையொருவர் மன்னிக்கின்றனர். தானும் நஞ்சருந்த முனையும் நண்பன் ஹொரேஷியோவை ஹாம்லெட் தடுத்து, உயிரோடிருந்து நடந்ததைச் சொல் என்று வேண்டுகிறான். பின்னர் போர்ட்டின்பிராஸ் வருகிறான். அவன் தந்தையைக் கொன்றவர் ஹாம்லெட்டின் தந்தை. பழிவாங்கும் எண்ணத்தைக் கைவிட்ட அவனுக்கே அரியணை கிடைக்கிறது. நாற்புறமும் பிணங்கள் கிடக்க, வீரர் நால்வர் ஹாம்லெட்டைச் சுமந்து செல்லுமாறு அவன் ஆணையிடுகிறான். அக்காலத்து இலண்டன் மேடையில் முன்திரை கிடையாது. இறந்தவராக நடிப்பவர்களைச் சுமந்து சென்றாலன்றி நாடகம் முடியாது. மேடையின் அந்த இடையூற்றையே இறுதி மரியாதையாக மாற்றிக்கொண்டார் ஷேக்ஸ்பியர்.

ஆகவே ஆங்கிலம் கற்பித்த நம் அன்பர் சொன்னது பாதி உண்மை. எல்லாரும் மாள்வதால் அந்நாடகம் சிறக்கவில்லை. சொல்வதற்கு ஒருவனும் ஆள்வதற்கு ஒருவனும் எஞ்சுவதால் சிறக்கிறது.

கீசகன் செத்தபின்

தீயவன் செத்தான், திரை விழுந்தது என்று முடியும் நாடகங்கள் இல்லாமலில்லை. சுரபி நாடகக் குழுவினரை நம்மில் பலர் அறிவர். கடப்பை மாவட்டத்துச் சுரபி என்னும் சிற்றூரில் 1885-இல் ‘கீசக வதம்’ ஆடித் தம் கலைவாழ்வைத் தொடங்கிய குடும்பத்தார் அவர்கள். தலைமுறை தலைமுறையாக அக்கலையைக் காத்து, இன்றும் ஐதராபாத்தில் மேடையேறி வருகின்றனர். 1961-இல் திறக்கப்பெற்ற இரவீந்திர பாரதி அரங்கின் இருக்கைகளில் அமர்ந்து தெலுங்கு நாடகம் பார்த்த தமிழ்க் குடும்பங்களும் நம்மிடையே பல உள்ளன.

கீசக வதம் மக்களுக்கு ஏன் இனிக்கிறது? திரௌபதிக்கு நேர்ந்த இழிவு கண்ணெதிரே நிகழ்கிறது. அரசவை வாய்மூடி இருக்கிறது. பீமன் இருளில் கணக்கைத் தீர்க்கிறான். மராத்தியில் காடில்கர் 1907-இல் இக்கதையை நாடகமாக்கியபோது, அவையோர் கீசகனைக் கர்சான் பிரபுவாகவே கண்டனர். 1910-இல் ஆங்கில அரசு அந்நாடகத்தைத் தடை செய்தது. நீதி கேட்க வேறு வாயில் இல்லாதவர்க்குப் பழிக்கதை எத்துணை ஆறுதல் தரும் என்பதற்கு இது சான்று. அந்த ஆறுதலை நாம் இகழ்தல் ஆகாது. நம் இளைஞரின் நாடகத்திலும், ஊரார் “தெரியாது” என்று சொல்லி இறங்கிய காட்சியைக் கேட்டபோது நம் கையும் இறுகியதை ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் வியாசர் கீசகனோடு நிறுத்தவில்லை. அவன் உடன்பிறந்தார் சினந்தெழுந்து, அவன் பிணத்தோடு திரௌபதியையும் எரிக்க இழுத்துச் செல்கின்றனர். பீமன் அவர்களையும் கொல்ல நேர்கிறது. கீசகனைக் கொல்ல வல்லவன் யார் என்று துரியோதனன் சிந்திக்கிறான்; பாண்டவர் மறைந்து வாழும் இடம் பற்றிய ஐயம் அங்கே பிறக்கிறது. மிகமிக நேர்மையான பழிக்கும் ஒரு மறுநாள் உண்டு. நாடகாசிரியர் திரையை முன்னதாக விடலாம். ஆனால் மறுநாளை மறைத்துவிட்டோம் என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும்.

இளங்கோவின் கணக்கு

மறுநாளை முழுவதுமாக எழுதிய தமிழ்ப் புலவர் இளங்கோவடிகள். சிலப்பதிகாரத்தை முத்தமிழ்க் காப்பியம் என்றும் நாடகக் காப்பியம் என்றும் போற்றுகிறோம். ஆயினும் நம்மில் பலர்க்குக் கண்ணகி மதுரையை எரித்ததோடு கதை முடிந்துவிடுகிறது. நூலைப் புரட்டினால், அதன்பின் வஞ்சிக் காண்டம் என்றொரு முழுக் காண்டமே உள்ளது.

முதலில் வழக்கு மன்றத்தைக் காண்போம். கண்ணகி வாளோடு வரவில்லை, சிலம்போடு வருகிறாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். அரசியின் சிலம்பில் உள்ளது முத்து என்கிறான் பாண்டியன். சிலம்பு உடைகிறது, மாணிக்கம் தெறிக்கிறது. குற்றவாளி யார் என்பதைப் பிறர் சொல்லுமுன் மன்னன் தானே சொல்லி உயிர் விடுகிறான். கோப்பெருந்தேவியும் உடன் மாள்கிறாள். கதைக்குப் பெயர் தந்த சிலம்பே விற்பனைப் பொருளாகிப் பின் சான்றாகிறது. ஒரே பொருள் தொடக்கத்தையும் முடிவையும் கட்டி நிற்கிறது.

அதன்பின் எழும் தீயிலும் ஓர் எல்லை உண்டு. பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவியர் ஆகியோரை விட்டுவிடுமாறு கண்ணகி ஏவுகிறாள். எனினும் எரிந்தது ஒரு நகரம்; அதன் விலையைக் கவி மறைக்கவில்லை. மாடலன் என்னும் மறையவன் வாயிலாக அவர் கணக்கு ஒப்புவிக்கிறார். அடைக்கலம் தந்த இடைக்குல மூதாட்டி மாதரி தீப்பாய்ந்தாள். கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தார். கோவலனின் தந்தை தம் பொருளையெல்லாம் தானமளித்துத் துறவு பூண்டார்; கண்ணகியின் தந்தையும் துறந்தார்; தாயர் இருவரும் துயர் தாளாது இறந்தனர். மாதவி துறவறம் புகுந்தாள்; மணிமேகலையையும் அவ்வழியில் செலுத்தினாள். கொற்கையிலிருந்த இளங்கோ வேந்தன் வெற்றிவேற் செழியனோ பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான். ஒரு பொற்கொல்லனின் பொய்க்கு ஆயிரம் பொற்கொல்லரின் உயிர்! பழி என்பது எங்கே சென்று நிற்கும் என்று கேட்பார்க்கு இவ்வொரு செய்தியே போதும்.

இறுதியில் கவி செய்வதுதான் வியப்பு. சேரன் செங்குட்டுவன் இமயத்துக் கல் கொணர்ந்து கண்ணகிக்குக் கோயில் எடுக்கிறான். அவ்விடத்தில் தெய்வ வடிவில் தோன்றும் கண்ணகி, பாண்டியன்மீது குற்றமில்லை என்றும், தான் அவனுக்கு மகள் போன்றவள் என்றும் மொழிகிறாள். பழிவாங்கியவளின் வாயாலேயே பகை முடிகிறது. சிறைப்பட்ட ஆரிய மன்னரும் விடுவிக்கப்படுகின்றனர். கூடத்தில் தாய்மார் வேண்டிய மன்னிப்பு இதுவே. ஆனால் இளங்கோ அதைத் தீயவனின் வாயில் வைக்கவில்லை; துன்புற்றவளின் வாயில் வைத்தார். அதற்கும் மன்றம், தீ, பிரிவு, கல், கோயில் ஆகிய எல்லாவற்றையும் கடந்து வரச் செய்தார். விலை கொடுத்து வந்த மன்னிப்பாதலால் அது நம்மை உருக்குகிறது.

கிரேக்க நாட்டு ஏஸ்கிலஸ் கி. மு. 458-இல் அரங்கேற்றிய ‘ஒரெஸ்டியா’வும் இதனோடு ஒப்பிடத் தக்கது. தந்தையைக் கொன்ற தாயை மகன் கொல்கிறான்; பழித்தெய்வங்கள் அவனைத் துரத்துகின்றன. இப்படியே போனால் முடிவேது? அத்தெய்வங்களையும் அவனையும் ஏதென்சு நகரத்து நீதிமன்றத்தின் முன் நிறுத்தினார் கவி. வாக்குகள் இருபுறமும் சமமாக, அதீனா தேவியின் வாக்கால் அவன் விடுதலை பெறுகிறான். சினந்த பழித்தெய்வங்களுக்கு அந்நகரிலேயே கோயிலும் வழிபாடும் அளிக்கப்படுகின்றன. கடலால் பிரிந்த இரு நாட்டுப் புலவர்கள், பழிவாங்கும் சினத்தை அழிக்க முற்படாமல் அதற்கு ஓர் இருக்கை கொடுத்துத் தணித்தனர்.

படுகளத்தில் எழும் ஒப்பாரி

நூல் கல்லாத நம் ஊர்க் கலைஞரும் இவ்வுண்மையை அறிந்திருந்தனர். ஆர்க்காடு, செங்கற்பட்டுப் பக்கத்திலிருந்து இங்கு வந்த குடும்பத்தார் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களை மறந்திருக்கமாட்டார்கள். இரவு முழுவதும் பதினெட்டாம் போர்த் தெருக்கூத்து. மறுநாட் காலை படுகளம். திடலில் துரியோதனன் மண்ணுருவாய் மல்லாந்து கிடப்பான். பீம வேடக்காரர் தொடையில் அடிப்பார். பல்லாண்டாக முடியாத கூந்தலை அம்மன் அங்கே முடிப்பாள்.

சூள் நிறைவேறியது, கூட்டம் குலவையிடுகிறது. அதே இடத்தில் ஒப்பாரியும் எழுகிறது. நூறு பிள்ளைகளையும் இழந்த காந்தாரியின் அழுகையை நம் பெண்கள் தம் வீட்டுச் சாவுக்கு அழுவதுபோல் அழுவார்கள். துரியோதனனுக்காக அழுகின்றோமே என்று எவரும் நாணுவதில்லை. மாலையில் தீமிதி. வெற்றி, அழுகை, தூய்மை என்ற மூன்று படிகளையும் ஒரே நாளில் ஏறிய பின்னரே ஊர் வீடு திரும்புகிறது. பழிக்கதையால் கிளர்ந்த சினத்தோடு எவரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பதை அம்முன்னோர் எழுத்தின்றி உணர்ந்திருந்தனர்.

எழுதுவோர்க்குச் சில சொற்கள்

இவற்றிலிருந்து நம் இளம் எழுத்தாளர்க்கு நாம் சொல்லத் துணிவன சில.

முடிவை முதலில் எழுதுக. அதன் வித்தை முதற் காட்சியில் இடுக. சூளுரைப்பவன் அதற்கு என்ன விலை கொடுக்கப் போகிறான் என்பதும் அக்காட்சியிலேயே மறைந்திருக்க வேண்டும்.

தீயவனையும் ஒரு வீட்டில் வாழ்பவனாகக் காட்டுக. அவனுக்கு மனைவி உண்டு, பசி உண்டு, குழந்தை உண்டு. இவற்றைக் காட்டியபின் அவனைக் கொல்வது கடினமாகும், அக்கடினமே துன்பியல்.

எல்லாரையும் கொன்று குவிப்பது எளிய வழி. யார் எஞ்சுகிறார், எஞ்சியவர் என்ன செய்கிறார் என்பதில் கருத்தைச் செலுத்துக.

கொலைக்குப் பின் வரும் காட்சி சுருக்கமாக இருக்கட்டும். அதில் அறவுரை வேண்டா. ஒரு செயல், ஒரு பொருள், ஒரு சொல் போதும்; முதலங்கத்தில் வந்ததாக இருப்பின் மிக நன்று.

மீண்டும் அக்கூடத்தில்

இதனை எழுதிக்கொண்டிருக்கையில் அவ்விளைஞர் நம்மைத் தேடி வந்தார். பெரியவரின் இல்லத்துக்குத் தாம் மும்முறை சென்றதாகவும், முடிவை மாற்றி எழுதியிருப்பதாகவும் கூறினார். சென்ற ஞாயிறு அது படிக்கப்பட்டது.

இப்போது மாமன் மடிந்ததும் திரை விழுவதில்லை. விடியற்காலை, மாமன் வீடு. முதலங்கத்தில் அண்ணன் தம்பி இருவருக்கும் இலை போட்டுப் பரிமாறிய அத்தை, அடுப்பின் முன் அமர்ந்திருக்கிறாள். கொன்றவன் வாயிலில் நிற்கிறான். அவள் அவனைப் பார்த்துவிட்டாள். பத்து வயதுச் சிறுவன் உறக்கம் கலைந்து வந்து, “அம்மா, அப்பாவை வெட்டியது யார்?” என்று கேட்கிறான். அவள் நெடுநேரம் பேசவில்லை. வாயிலில் நிற்பவனைப் பார்க்கிறாள், மகனைப் பார்க்கிறாள். பிறகு, “எனக்குத் தெரியாது” என்கிறாள். சுள்ளியை ஒடித்து அடுப்பில் வைக்கிறாள். திரை.

வழக்கு மன்றத்தில் கோழைகள் சொன்ன அதே சொல்! அங்கே அது நீதியைக் கொன்றது. இங்கே ஒரு சிறுவனின் கையில் அரிவாள் ஏறாமல் காத்தது. உண்மையைச் சொல்லாததால் தொடங்கிய துன்பம், உண்மையைச் சொல்லாததால் முடிகிறது. இது சரியா, தவறா என்று நாடகம் நமக்குத் தீர்ப்பளிக்கவில்லை. ஆங்கிலம் கற்பித்த அன்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அவளால் அப்படிச் சொல்ல முடியுமா?” என்று தாய்மாருள் ஒருவர் கேட்டார்.

மூலையிலிருந்த பெரியவர் அதற்கு விடை கூறினார்: “சொன்னாள், அம்மா. சொல்லிவிட்டு, அந்த வாரமே என்னை அழைத்துக்கொண்டு இவ்வூருக்கு வண்டி ஏறினாள். யார் என்பதை எனக்கு ஐம்பது வயதான பிறகே சொன்னாள். அதற்குள் அந்த மனிதரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.”

1806-இல் பாசறை நகராகத் தோன்றிய செகந்தராபாத்துக்குப் படையோடும், இருப்புப் பாதையோடும், வணிகத்தோடும் நம்மவர் வந்தனர். சோமசுந்தர முதலியார் 1862-இல் இங்கு நிறுவிய கல்விச்சாலை மகபூப் கல்லூரியாக வளர்ந்தது. இவை வரலாற்றில் உள்ளன. ஒரு தாய் தன் மகனைப் பழியினின்றும் காக்க இங்கு வந்தாள் என்பது எந்த வரலாற்றிலும் இல்லை. தம் பெயரைக் குறிக்க வேண்டா என்ற நிபந்தனையோடு, இதனை எழுதப் பெரியவர் இசைவு தந்தார்.

நாடகம் ஆண்டு விழாவில் அரங்கேறும். அத்தை வேடத்துக்கு இன்னும் எவரும் முன்வரவில்லை. அக்கடைசிச் சொல்லைச் சொல்ல அஞ்சுகிறார்கள் போலும். நம் சகோதரியருள் துணிவுடைய ஒருவர் முன்வருவாராக. அடுப்பு மூட்டத் தெரிந்திருந்தால் போதும். மற்றதைப் பெரியவர் கற்பித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.